ஸ்க்ரூஜ் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்?

மரப்பெஞ்சு எழுதியது:

சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளிவந்த சிறிய கதை. ஆங்கில ஆசிரியராக அதைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய நான், ஓய்வுபெற்ற பின் இந்த மாதம் மறுபடியும் படித்தேன். மாணவர்களுக்கு ஒருபோதும் நிறுத்திச் சொல்லாத ஓரிடத்தில் இம்முறை மனம் நின்றுவிட்டதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கம்: லண்டனில் லேவாதேவி நடத்தும் எபனேசர் ஸ்க்ரூஜ் என்ற கஞ்சக் கிழவரை, ஏழு ஆண்டுகளுக்கு முன் இறந்த அவருடைய கூட்டாளி மார்லியின் ஆவி கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் வந்து எச்சரிக்கிறது. பிறகு மூன்று ஆவிகள் வந்து, அவர் கடந்துவந்ததையும் அப்போது நடப்பதையும் இனி நடக்கக்கூடியதையும் காட்டுகின்றன. விடிந்ததும் அவர் வேறு மனிதராகிறார். அவரிடம் வாரம் 15 ஷில்லிங்குக்கு வேலை பார்க்கும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வீட்டுக்கு ஒரு வான்கோழியை அனுப்புகிறார். அவனுடைய சம்பளத்தை உயர்த்துகிறார். அவனுடைய நோயாளி மகன் டைனி டிம் பிழைத்துக்கொள்கிறான்.

வாசகர்கள் கண்கலங்குவது பெரும்பாலும் டைனி டிம்முக்காகத்தான். என்னை இம்முறை அசைத்தது ஃப்ரெட்டின் வீட்டு வாசல். ஸ்க்ரூஜின் இறந்துபோன தங்கை ஃபேனின் ஒரே மகன் ஃப்ரெட். முந்தைய நாள் விருந்துக்கு அழைக்க வந்தவனைத் தாய்மாமன் எரிந்துவிழுந்து விரட்டியபோதும், ஒரு கோபச் சொல் இல்லாமல் வெளியேறியவன் அவன். மறுநாள் பிற்பகலில் அதே மாமா அவன் வீட்டு வாசலைப் பத்துப் பன்னிரண்டு தடவை கடந்து போகிறார். படியேறிக் கதவைத் தட்டத் துணிவு வரவில்லை. கடைசியில் ஒருவாறு உள்ளே போய், தான் இன்னார் என்று சொல்லி, சாப்பிட வந்திருப்பதாகவும் தன்னை உள்ளே விடுவாயா என்றும் கேட்கிறார். ஏன் இத்தனை ஆண்டுகளாக வரவில்லை என்றோ, நேற்று என்ன பேசினீர்கள் என்றோ மருமகன் கேட்கவில்லை. கையைக் குலுக்கிய வேகத்தில் கிழவரின் கை கழன்று வராமல் இருந்ததே பெரிது என்று டிக்கன்ஸ் எழுதுகிறார். ஐந்தே நிமிடத்தில் ஸ்க்ரூஜ் அந்த வீட்டு மனிதராகிவிடுகிறார்.

கேட்பதற்கு முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்த மன்னிப்பு அது. இந்தக் கதையில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதலாம்.

வட்டிக்கணக்கு எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மன்னிப்பைப் பற்றிப் பேசுவதானால், தீங்கு யாருக்கு நேர்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஃப்ரெட்டின் வீட்டு அடுப்பு மாமாவின் தயவில் எரியவில்லை. அவனுக்கு மனைவி இருக்கிறாள், நண்பர்கள் இருக்கிறார்கள், கதவைத் திறக்க வேலைக்காரப் பெண் இருக்கிறாள். மாமா வராததால் அவனுடைய விருந்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த அளவு இழப்பை மன்னிக்கப் பெரிய மனம் தேவையில்லை. நல்ல சுபாவம் போதும்.

உண்மையில் பாதிக்கப்பட்டவர் குமாஸ்தா. நிலக்கரிப் பெட்டியை முதலாளி தன் அறையிலேயே வைத்துக்கொண்டதால், ஒரே கரித்துண்டு எரிவதுபோல் தோன்றும் நெருப்பருகே, மேலங்கி இல்லாமல், மெழுகுவத்திச் சுடரில் குளிர்காய முயன்று தோற்றவர் அவர். ஆறு பிள்ளைகளின் தகப்பன். மனம் திருந்திய ஸ்க்ரூஜ் அவரிடம் என்ன செய்கிறார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 26 காலையில் பாப் பதினெட்டரை நிமிடம் தாமதமாக வருகிறார். ஸ்க்ரூஜ் வேண்டுமென்றே பழைய குரலில் உறுமி, இனி இதைப் பொறுக்க மாட்டேன் என்று சொல்லி, அவரை நடுங்க வைத்து, அதன் பிறகுதான் சம்பள உயர்வை அறிவிக்கிறார். வேலை போய்விட்டது என்று ஒரு மனிதனை அரை நிமிடம் நம்ப வைப்பது விளையாட்டாகத் தோன்றுவது, வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு மட்டுமே. அந்த இடத்தில் “என்னை மன்னித்துவிடு” என்ற சொல் வரவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஐயா தம்முடைய பதிவில் முதலாளியை ‘அவர்’ என்றும் குமாஸ்தாவை ‘அவன்’ என்றும் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான். இந்த வேறுபாட்டை டிக்கன்ஸ் செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம்.

புதிய வாசகி எழுதியது:

தீங்கு செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்துவிடுவதே அவரைத் தண்டிக்கும் வழி என்று வள்ளுவர் சொல்லியிருப்பதை ஃப்ரெட் அப்படியே செய்து காட்டுகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்க்ரூஜ் வாசலில் அத்தனை தடவை நடந்தது நாணத்தினால்தானே?

தேவாலயத் தெரு எழுதியது:

நாணம் இருந்தது உண்மை. ஆனால் அதை உண்டாக்கும் நோக்கம் ஃப்ரெட்டிடம் இல்லை என்றே நான் படிக்கிறேன். மாமாவின் குற்றங்களுக்கான தண்டனை அவற்றுக்குள்ளேயே இருக்கிறது, அவருக்கு எதிராகத் தான் சொல்ல எதுவுமில்லை என்று அவன் தன் விருந்தினர்களிடம் கூறுகிறான். அவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆண்டுதோறும் போய் அழைப்பேன், அவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது என்றும் சொல்கிறான்.

ஆயினும் என் வாக்கு ஃப்ரெட்டுக்கு இல்லை. கிராட்சிட் வீட்டு மேசைக்குத்தான். வாத்துக் கறியும் புட்டிங்கும் முடிந்த பிறகு, இந்த விருந்துக்குக் காரணமானவர் என்று ஸ்க்ரூஜின் பெயரைச் சொல்லிப் பாப் கோப்பையை உயர்த்துகிறார். திருமதி கிராட்சிட்டுக்கு முகம் சிவந்துவிடுகிறது. அந்த மனிதர் மட்டும் இங்கே இருந்தால் நாலு வார்த்தையை விருந்தாகப் போட்டிருப்பேன் என்கிறார். “பிள்ளைகள் இருக்கிறார்கள் அம்மா, கிறிஸ்துமஸ் நாள்” என்று கணவர் தணிந்த குரலில் சொல்கிறார். உங்களுக்காகவும் இந்த நாளுக்காகவும் குடிக்கிறேன், அவருக்காக இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டே அந்தப் பெண்மணி குடிக்கிறார். பிள்ளைகளும் மனமில்லாமல் குடிக்கிறார்கள். எல்லாருக்கும் கடைசியாகக் குடிக்கும் டைனி டிம்முக்கும் அதில் துளியும் நாட்டம் இல்லை. அந்தப் பெயரால் வீட்டின்மேல் விழுந்த நிழல் விலக முழுதாக ஐந்து நிமிடம் ஆயிற்று என்கிறது கதை.

எல்லாரையும் ஆசீர்வதிக்கும் குழந்தை என்று நாம் கொண்டாடும் டைனி டிம்முக்கே ஸ்க்ரூஜுக்காகக் குடிப்பதில் மனம் ஒட்டவில்லை என்பதை எழுத டிக்கன்ஸுக்குத் துணிவு இருந்தது. மனிதர்கள் மன்னிப்பது இப்படித்தான் இருக்கும்: ஒருவர் முன்வருவார், மற்றவர்கள் அவருடைய முகத்துக்காகச் சேர்ந்துகொள்வார்கள்.

மரப்பெஞ்சு எழுதியது:

முதலில் வட்டிக்கணக்கு அவர்களுக்கு. ‘அவன்’ என்று எழுதியது என் தவறுதான். வகுப்பிலும் அப்படியே சொல்லி வந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. உங்கள் கண்டனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கதையின் முதல் பகுதி முழுவதிலும் குமாஸ்தாவுக்குப் பெயரே இல்லை. ‘குமாஸ்தா’ என்று மட்டுமே வருகிறார். ஸ்க்ரூஜும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கடைசிப் பகுதியிலோ முதுகில் தட்டி “பாப்” என்கிறார், நெருப்பை நன்றாக மூட்டச் சொல்லும்போது “பாப் கிராட்சிட்” என்று முழுப்பெயரையும் சொல்கிறார். கரிப்பெட்டியைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்ட அதே மனிதர் இன்னொரு கரிப்பெட்டி வாங்கச் சொல்வதும் அதே மூச்சில்தான்.

ஃப்ரெட்டுக்கு இழப்பு இல்லை என்பதை ஏற்கிறேன். அதற்காக அவனைக் குறுகிய மனம் உடையவனாக்க வேண்டாம். தான் ஆண்டுதோறும் போய் அழைப்பதால், அந்த ஏழைக் குமாஸ்தாவுக்கு ஐம்பது பவுண்டு எழுதிவைக்கும் எண்ணமாவது மாமாவுக்கு வந்தால் அதுவே போதும் என்று அவன் மனைவியிடம் சொல்கிறான். வாரம் 15 ஷில்லிங் என்றால், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில், ஆண்டுக்கு 39 பவுண்டுதான் வரும். தன் பங்கை எதிர்பார்த்து அவன் பேசவில்லை. வரக்கூடியதாக ஆவி காட்டும் காட்சியில், மகனை இழந்த பாப்பைத் தெருவில் கண்டு தன் முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்து, உதவி வேண்டுமானால் என்னிடம் வாருங்கள் என்று சொல்பவனும் அவனே. நம் டிம்மை முன்பே அறிந்தவர்போல் அவர் வருந்தினார் என்று பாப் வீட்டில் வந்து சொல்கிறார்.

அடிக்குறிப்பு எழுதியது:

கதைக்குள் போகும் முன் அது எழுதப்பட்ட நிலையையும் நினைவில் கொள்வது நல்லது. டிக்கன்ஸின் தந்தை 1824-இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் மார்ஷல்சீ கடனாளிச் சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் காலணி மைத் தொழிற்சாலையில் ஆறேழு ஷில்லிங் வாரக் கூலிக்குப் புட்டிகளில் சீட்டு ஒட்டினார். 1834-இல் வந்த ஏழைகள் சட்டம், உதவி நாடியவர்களை, ஏழைகளைத் தங்கவைத்துக் கடுமையாக வேலை வாங்கிய பணியில்லங்களுக்குத் துரத்தியது. நன்கொடை கேட்டு வந்தவர்களிடம், சிறைகள் இல்லையா, பணியில்லங்கள் இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்பது அந்தச் சட்டத்தின் குரல். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த குழந்தைகளைப் பற்றிய அரசுக் குழுவின் அறிக்கையைப் படித்து, முதலில் ஒரு கண்டனத் துண்டுப் பிரசுரமே எழுத நினைத்தவர், பிறகு அதைக் கைவிட்டு 1843 அக்டோபரில் தொடங்கி ஆறு வாரங்களில் இந்தக் கதையை முடித்தார். முதல் பதிப்பின் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுப்போயின.

மன்னிப்பைப் பற்றிய விவாதம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். தந்தை விடுதலையான பிறகும் மகனை அந்தத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்ப விரும்பியவர் அவருடைய தாய். அதைத் தாம் மறந்ததில்லை, மறக்கப்போவதுமில்லை, மறக்க இயலாது என்று டிக்கன்ஸ் தம் சுயசரிதைக் குறிப்பில் எழுதினார். 1844 தொடக்கத்தில் இந்தக் கதையைத் திருடி வெளியிட்டவர்கள்மேல் வழக்குத் தொடுத்து வென்றார். அவர்கள் திவாலாகிவிட்டதால் சுமார் 700 பவுண்டு செலவு அவர் தலையிலேயே விழுந்தது. ஃப்ரெட்டைப் படைத்தவர் ஃப்ரெட்டாக இல்லை.

கையெழுத்துப் பிரதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. டைனி டிம் சாகவில்லை என்று நேராகச் சொல்லும் சொற்கள் அதில் இல்லை. அச்சுக்குப் போகும் கட்டத்தில்தான் சேர்க்கப்பட்டன.

வட்டிக்கணக்கு எழுதியது:

நூலின் விலையை விட்டுவிட்டீர்களே. ஒரு பிரதி 5 ஷில்லிங். தன்னைப் பற்றிய கதையை வாங்கிப் படிக்க பாப் கிராட்சிட் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். இது முதலாளிகள் படித்து உருகுவதற்காகச் செய்த புத்தகம் என்று நான் சொன்னால் அது முழுப் பழியாகாது.

ஃப்ரெட்டின் ஐம்பது பவுண்டு நான் கவனிக்கத் தவறியது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே பேச்சில், மாமாவின் கெட்ட குணத்தால் துன்பப்படுவது யார், எப்போதும் அவரேதான் என்றும் அவன் சொல்கிறான். அடுத்த தெருக்களில் எத்தனையோ வீடுகள் அதனால் துன்பப்பட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லப்பட்ட வாக்கியம் அது. கெட்டவனுக்கு அவன் கெடுதலே தண்டனை என்று எண்ணி அமைதி கொள்வது, அந்தக் கெடுதலுக்கு ஆளாகாதவர்களின் வசதி.

இழையின் தலைப்பில் கேட்ட கேள்விக்குக் கதையிலேயே விடை இருக்கிறது. ஐயா அதைச் சொல்லவில்லை. ஸ்க்ரூஜ் வாய்திறந்து மன்னிப்புக் கேட்பது ஓரிடத்தில். கிறிஸ்துமஸ் காலையில், நன்கொடை கேட்டு முந்தைய நாள் வந்த அந்தப் பருத்த கனவானைத் தெருவில் கண்டு, என் பெயர் உங்களுக்கு இனிமையாக இருக்காது, மன்னிக்க வேண்டும் என்கிறார். பிறகு காதோடு ஒரு தொகையைச் சொல்லி, பழைய பாக்கிகளும் அதில் அடங்கும் என்கிறார். ஆக, தம் தரத்தில் உள்ள ஒருவரிடம் கேட்க முடிந்த மன்னிப்பைத் தம் குமாஸ்தாவிடம் கேட்க முடியவில்லை.

அடிக்குறிப்பு எழுதியது:

விலையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் இந்தக் கதையை முதன்முதலாகப் பொதுமக்கள் முன் படித்தபோது, 30-ஆம் தேதி வாசிப்பைத் தொழிலாளர்களுக்காகவே குறைந்த கட்டணத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் டிக்கன்ஸ்தான். பாப் கிராட்சிட்டுகள் கேட்காத கதை என்று சொல்லிவிட முடியாது.

தேவாலயத் தெரு எழுதியது:

‘பாக்கி’ என்ற சொல் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறுவயதில் மனப்பாடம் செய்த பரமண்டல ஜெபத்தில், எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்று வரும். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டில் வழங்கிய ஜெபத்தில் இந்த இடத்தில் ‘கடன்’ இல்லை, ‘அத்துமீறல்’ என்ற பொருள்படும் சொல்தான். ஆகவே டிக்கன்ஸ் இதை நினைத்து எழுதினார் என்று நான் வாதாட வரவில்லை. தமிழில் ஜெபிக்கும் எனக்கு இந்தக் கதை கடன் மன்னிப்பின் கதையாகவே விழுகிறது. கதாநாயகரின் தொழிலே கடன். மார்லியின் ஆவி இழுத்துவரும் சங்கிலியில் தொங்குவதும் பணப்பெட்டிகளும் பேரேடுகளும் சாவிகளும் பூட்டுகளும்.

வட்டிக்கணக்கு அவர்கள் கேட்க வேண்டிய, இன்னும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நான்காம் பகுதியில் ஓர் இளந்தம்பதியர் வருகிறார்கள். ஒரு வாரத் தவணை கேட்டு நின்றவர்களுக்குக் கடன் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. கேரலின் என்ற அந்த மனைவி முதலில் நிம்மதியடைகிறாள், அடுத்த கணமே அதற்காக மன்னிப்பு வேண்டி ஜெபிக்கிறாள். ஸ்க்ரூஜின் மரணத்தால் எவருக்காவது ஏற்படும் உணர்ச்சியைக் காட்டு என்று கேட்டதற்கு ஆவி காட்டிய ஒரே உணர்ச்சி அந்த நிம்மதி. குற்றம் செய்யாதவள் மன்னிப்புக் கேட்கிறாள். என்னைப் பொறுத்தவரை கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுவே. விடிந்த பிறகு ஸ்க்ரூஜ் அந்த வீட்டைத் தேடிப் போவதாகக் கதை எங்கும் சொல்லவில்லை. வான்கோழி வாங்கினார், நன்கொடை கொடுத்தார், கோயிலுக்குப் போனார், மருமகன் வீட்டில் சாப்பிட்டார். கேரலினின் கடன் என்னவாயிற்று?

மரப்பெஞ்சு எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தம்பதியரை நான் வகுப்பில் ‘தேர்வுக்கு வராது’ என்று தாண்டிப் போனதுண்டு.

மன்னிப்புக் கேட்கவில்லை என்ற வாதத்துக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சம்பளத்தை உயர்த்தும்போது ஸ்க்ரூஜ் பாப்புக்கு வாழ்த்துச் சொல்லும் வாக்கியத்தைக் கூர்ந்து படியுங்கள். இத்தனை ஆண்டுகளாக நான் உனக்குக் கொடுத்ததைவிட மகிழ்ச்சியான கிறிஸ்துமஸாக இது இருக்கட்டும் என்பது அதன் பொருள். உனக்கு வாய்த்த கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை, நான் கொடுத்தது என்கிறார். எல்லார் வீட்டுப் பெரியவர்களும் தவறை ஒப்புக்கொள்ளும் முறை அதுதான். ‘மன்னித்துக்கொள்’ என்ற சொல் அவர்கள் நாவில் வராது, சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். ஃபேன் தன் அண்ணனைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக வந்தபோது, அப்பா முன்போல் இல்லை, மிகவும் கனிவாகிவிட்டார் என்று சொல்கிறாளே, அந்த அப்பாவும் மகனிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. வண்டியை அனுப்பினார்.

வட்டிக்கணக்கு எழுதியது:

‘நான் கொடுத்தது’ என்ற நுட்பம் என்னை அசைக்கிறது. ஆனால் வீட்டுப் பெரியவர்களின் உவமை பொருந்தவில்லை. தகப்பன் மகனை வேலையை விட்டு நீக்க முடியாது.

உங்கள் வாதத்துக்கு உதவக்கூடிய ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். வாழ்நாள் முழுவதும் சம்பளப் பட்டியல் பார்த்தவன் என்பதால் இது கண்ணில் பட்டது. முதல் பகுதியில் கிறிஸ்துமஸ் விடுமுறை கொடுக்கும்போது, இதற்காக நான் அரைக் கிரவுன் பிடித்துக்கொண்டால் உனக்கு அநியாயமாகத் தெரியும், வேலை இல்லாத நாளுக்கு நான் கூலி கொடுப்பது மட்டும் அநியாயமில்லையா என்று ஸ்க்ரூஜ் குமாஸ்தாவிடம் முணுமுணுக்கிறார். அரைக் கிரவுன் என்பது இரண்டரை ஷில்லிங். வாரம் 15 ஷில்லிங்கை ஆறு வேலை நாட்களால் வகுத்தால் சரியாக அதே தொகை வருகிறது. இனிக் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். சன்னலுக்குக் கீழே நிற்கும் பையனிடம், கோழிக் கடைக்காரரை அழைத்து வந்தால் ஒரு ஷில்லிங், ஐந்து நிமிடத்துக்குள் அழைத்து வந்தால் அரைக் கிரவுன் தருகிறேன் என்கிறார். ஒரு நாள் முழுவதற்கும் கொடுக்க மனம் வராத அதே தொகை, ஐந்து நிமிட ஓட்டத்துக்கு!

டிக்கன்ஸ் இதைத் தெரிந்தே வைத்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பாருங்கள், அந்த அரைக் கிரவுன் பாப்பின் கைக்குப் போகவில்லை. யாரென்று தெரியாத ஒரு பையனுக்குப் போகிறது. பாப்புக்குச் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் கதை சொல்லவில்லை.

மரப்பெஞ்சு எழுதியது:

அரைக் கிரவுனை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை. இரண்டு இடங்களிலும் இப்போது பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கேரலினின் பெயருக்கும் ஒரு கோடு.